சாதி சொல்லத் தெரியாத ஆள்

பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) படத்தின் கடைசிக் காட்சிகளைப் பார்த்துக் கண் கலங்காமல் தியேட்டரை விட்டு வந்தவர்கள் குறைவு. மதுரையில் டூவீலர் மெக்கானிக் முருகன். ஆதிக்க சாதிப் பெண்ணான ஐஸ்வர்யாவைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு போனதற்காக அவள் சொந்தக்காரர்கள் அவனைத் தந்திரமாக வரவழைத்து அடித்து நொறுக்குகிறார்கள். சில வருடம் கழிகிறது. புருசனோடும் பிள்ளையோடும் போகிற ஐஸ்வர்யா, ஒரு சிக்னலில் அழுக்கும் சடையுமாய் நிற்கிற ஒருத்தனைப் பார்க்கிறாள். முருகன்தான், புத்தி பேதலித்துப் போயிருக்கிறான். கடைசியில் அவள் கணவனே அவனை மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார். ரயிலில் கூட வந்த ஒருவர் சொன்ன உண்மைக் கதை இது என்று இயக்குநர் சொன்னார். தமிழ்ப் பொதுப்புத்தி கைதட்டியது: ‘என்னா பெருந்தன்மைய்யா அந்த மனுசனுக்கு!’

அந்தக் கைதட்டலில் இரண்டு கேள்விகள் அமுங்கிப் போயின. முதலாவது, அவனைப் பைத்தியமாக்கியவர்கள் என்ன ஆனார்கள்? படம் அதைக் கேட்கவே இல்லை. அடித்தவர்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்க, அடிபட்டவனைத் தூக்கிவிட்ட பெருமை அந்தப் பக்கத்து மருமகனுக்கே போய்ச் சேருகிறது. சாதிதான் அடிக்கிறது, சாதிதான் மருந்தும் போடுகிறது. நாம் விசும்பிக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்.

இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. அந்தச் சிக்னலில் அவன் எத்தனை நாள் நின்றான்? அவனைத் தாண்டி எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள்? அவனுக்கு உதவி வந்தது அவன் யார் என்று ஒருத்திக்கு அடையாளம் தெரிந்த பிறகுதான். அடையாளம் தெரியாதிருந்தால் விளக்கு பச்சையானதும் அந்த வண்டியும் போயிருக்கும்.

நிஜத்தில் நம் தெருமுனைக்கு வந்து நிற்கிற ஆளை யாருக்கும் அடையாளம் தெரியாது. அங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கிட்டே போவதா, கதவைச் சாத்திக்கொள்வதா, போலீசுக்குச் சொல்வதா, நாலு பேரைக் கூப்பிட்டு விரட்டுவதா?

இதைப் போடிநாயக்கனூரில் வைத்துப் பேசலாம். போடி ஒரு கடைசி ஊர். 2010 முடிவில் நிறுத்தப்பட்ட மதுரை – போடி ரயில், அகலப்பாதை போட்டு 2023 ஜூன் 15இல்தான் மறுபடி போடிவரை வந்தது. தண்டவாளம் இதோடு முடிந்தது. அதற்கு மேல் மலை. 17 கொண்டையூசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அதைத் தாண்டினால் இடுக்கி ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு நம் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, இருட்டினபிறகு திரும்புகிற ஊர். கடைசி ஸ்டேஷனில் போக்கிடம் உள்ளவர்கள் மட்டும் இறங்குவதில்லை. எங்கே இறங்கவேண்டும் என்று தெரியாதவர்களும் இறங்குவார்கள்.

அப்படி ஒருத்தர் நம் தெரு முக்கில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொளுத்துகிற வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக மூணு சட்டை. கக்கத்தில் ஒரு சாக்குப்பை. குழாயடிக்கு வந்து தண்ணீர் குடிக்காமல் தண்ணீரையே பார்க்கிறார். குழந்தைகளைப் பார்த்தால் சிரிக்கிறார். தெருவில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

‘யாருடா அவன், நேத்திலருந்து இங்கனயே சுத்துறான்?’

‘புள்ளபுடிக்கிறவனா இருக்கும்டா. பைய அவுத்துப் பாரு.’

‘பாவம்க்கா, கிறுக்கு. ஒரு வாய் சோறு குடுப்பமா?’

‘குடுத்துட்டு? நாளைக்கு இங்கனயே செத்துக் கெடந்தா போலீசு நம்ம தெருவத்தான கேக்கும்?’

கடைசியாகப் பேசினவளைக் கல்நெஞ்சுக்காரி என்று தள்ளிவிட்டுப் போவது மனிதாபிமானக் கட்டுரைகளுக்குச் சுலபம். நமக்கு அப்படி முடியாது. 1989 செப்டம்பரில் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தை இங்கே இன்னும் வயசாளிகள் சொல்கிறார்கள். எது நடந்தாலும் விசாரணை முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்பது சேரியில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவிடுகிறவரைச் சிக்கலில் மாட்டாமல் காக்க, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அது வண்டி மோதினால்தான் பேசும். புத்தி பேதலித்துத் தெருவில் நிற்கிறவருக்குக் கஞ்சி ஊற்றினவளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆகவே அவள் பயம் அனுபவத்தில் விளைந்த பயம். அந்த அனுபவத்தை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள். உதவி செய்வதைப் பற்றிப் பேசுகிறவன் உதவி செய்கிறவளுக்கு ஆகிற சேதாரத்தையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

இரண்டாவதாகப் பேசினவன்தான் ஆபத்தானவன். ‘பைய அவுத்துப் பாரு’ என்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று 2018 காட்டியது. அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், சென்னையிலிருந்து சொந்தக்காரர்களோடு குலசாமி கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண் ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளைபிடிக்கிற கும்பல் என்று வாட்ஸ்அப் வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அவர் செத்துப்போனார். ஜூலை 1ஆம் தேதி மராட்டியத்தில், துலே மாவட்டம் ரெய்ன்பாடாவில், பிச்சைக்கு வந்த அய்ந்து பேரை இதே சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற நாடோடி சமூகத்து ஆட்கள். ஒருத்தர் வினோதமாக நடந்துகொள்கிறார் என்று தீர்ப்புச் சொல்கிறோமே, அந்த வினோதம் அவர் நடத்தையில் இருந்ததா, பார்த்தவர் கண்ணில் இருந்ததா? மிட்டாய் கொடுப்பதில் என்ன வினோதம்?

அதே திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இன்னொரு காட்சியும் உண்டு. குளிக்காமல், யாரோடும் பேசாமல், குப்பையைக் கிளறிக்கொண்டு போகிறவரைச் சித்தர் என்று சொல்லிப் பின்னாலேயே போவார்கள். எச்சில் பட்டால் புண்ணியம், கல்லால் எறிந்தால் அதிர்ஷ்டம். ஒரே நடத்தைதான். ஒருவருக்குக் காலில் விழுகிறார்கள், இன்னொருவருக்கு விளக்குமாறு. எவரைச் சாமியாக்குவது, எவரைத் திருடனாக்குவது என்று தீர்மானிப்பதில் நோய்க்குப் பங்கு குறைவு. நிறம், துணி, பேச்சு, நிற்கிற இடம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இத்தனைக்கும் பின்னால் இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நம் ஊரில் புது ஆளிடம் முதலில் கேட்பது ‘எந்த ஊரு? யாரு மகன்?’ கேட்க அன்பாகத்தான் இருக்கும். ஊரைச் சொன்னால் தெரு வரும், தெருவைச் சொன்னால் சாதி வந்துவிடும். சாதி தெரிந்த பிறகுதான் எங்கே உட்கார வைப்பது, எதில் தண்ணீர் கொடுப்பது என்று முடிவாகும். புத்தி பேதலித்தவருக்கு இந்தப் பரிட்சையில் பதில் தெரியாது. அவர் யார் வீட்டுத் திண்ணையிலும் படுப்பார், எந்தத் தெருவிலும் நடப்பார், யார் கொடுத்தாலும் தின்பார். சாதி சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். ஊருக்கு அவர்மேல் வருகிற எரிச்சலில் பாதி இதனால் வருவது என்று நான் நினைக்கிறேன். தன் இடம் தெரியாமல் ஒருத்தன் நடமாடுவதை இந்தச் சமூகத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, அவன் யார் என்று தெரிந்துவிட்டால் காப்பாற்றிவிடுவார்களா? ஏலமலைக்கு வடக்கே, இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கோவைக்கு மேற்கே கேரளத்து அட்டப்பாடி இருக்கிறது. அங்கே மது என்கிற பழங்குடி இளைஞர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மனநிலை சரியில்லாமல் வீட்டை விட்டுப் போய்க் காட்டுக்குள் குகையில் இருந்தவர். 2018 பிப்ரவரி 22 அன்று, கடையில் அரிசியும் பலசரக்கும் திருடினார் என்று சொல்லிக் காட்டுக்குள் போய் அவரைப் பிடித்தார்கள். கையைக் கட்டினார்கள், அடித்தார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள், முக்காலிக்கு நடத்தி வந்து போலீசிடம் ஒப்படைத்தார்கள். போலீசு வண்டியிலேயே உயிர் போயிற்று. சாட்சிகள் வரிசையாகப் பல்டி அடித்தார்கள். தாயும் சகோதரியும் விடாமல் நின்றதில் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது, 13 பேருக்கு ஏழாண்டு சிறை. கொலை என்று தீர்ப்பாகவில்லை, கொலையாகாத மரணம் விளைவித்தது என்றுதான் தீர்ப்பு.

அந்தப் படத்தை இந்தியா முழுக்கப் பார்த்தார்கள். பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள், வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆக, அடையாளம் தெரியாவிட்டால் சந்தேகம். தெரிந்து, அது கீழே வைக்கப்பட்ட அடையாளமாக இருந்துவிட்டால் அடிக்கலாம் என்கிற தைரியம். ‘காதல்’ காட்டிய வழி, அதாவது அடையாளம் கண்டுகொண்டு கைதூக்கிவிடுவது, நமக்கு ஏன் உதவாது என்பதற்கு மதுவைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஏலமலையிலும் இதற்கு முகாந்திரம் உண்டு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. காயின் விலை ஏற ஏறத் தோட்டத்து வேலியோரம் சும்மா நடக்கிறவன்கூடக் காய்த்திருடனாகத் தெரிவான். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் கூலிக்கு ஆள் வருகிறது. அவர்கள் பேச்சு நமக்குப் புரிவதில்லை, வழி கேட்டாலே உளறுகிற மாதிரி இருக்கும். மலையாளம் தெரியாமல் மேலே போய் நின்ற நம் பாட்டன் பாட்டிகளும் எவன் கண்ணுக்கோ இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

சினிமாவில் இதற்கு மாறான ஒன்று இல்லாமல் இல்லை. பாலாவின் ‘பிதாமகன்’ (2003) மீது எனக்குப் பெரிய புகார் உண்டு. சாதி திணித்த சுடுகாட்டு வேலையை, பேச்சறியாத ஒரு காட்டு மனிதன் விளைகிற நிலமாக அந்தப் படம் ஆக்கிவிட்டது. வெட்டியானுக்குப் பேச்சுண்டு, கணக்குண்டு, கோபமுண்டு. ஆனாலும் அந்தச் சித்தனைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் யார் என்று பாருங்கள். கஞ்சா விற்கிற ஒருத்தி, ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற ஒருத்தன். கவுரவமான ஆட்கள் ஒருத்தரும் இல்லை. அவன் யார் மகன் என்று கேட்டுவிட்டு அவர்கள் சோறு போடவில்லை. இந்த இடத்தில் பாலாவின் கண் சரியாகப் பார்த்திருக்கிறது.

நம் தெரு செய்யவேண்டியதும் அதுதான். ‘யாரு நீ?’ என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் ‘சாப்ட்டியா?’ தனியாகப் போகவேண்டாம், கூட்டமாகவும் போகவேண்டாம். இரண்டு மூன்று பேர் போதும். வந்திருப்பது பெண்ணென்றால் பெண்கள் போகட்டும், இருட்டுமுன்னே போகட்டும். எட்டி நின்று மெதுவாகப் பேசவேண்டும். பையைத் தொடக்கூடாது, கையைக் கட்டக்கூடாது, செல்லில் படம் எடுக்கக்கூடாது. அரிவாளோ கல்லோ வைத்துக்கொண்டு மிரட்டினால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு 112க்குச் சொல்லவேண்டும், வீரம் காட்டவேண்டாம். மனநல ஆலோசனைக்கு அரசு நடத்துகிற இலவச எண் 14416, ராப்பகலாக எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

போலீசைக் கண்டு பயப்படுகிற நமக்குச் சட்டம் தெரிந்திருப்பது ஒரு கைத்தடி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவைக் கேளுங்கள். மனநோயோடு தெருவில் திரிகிற, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தக் காவல்நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக்கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடவேண்டும். ‘எங்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை’ என்று ஸ்டேஷனில் சொன்னால், ‘உங்க வேலதாங்கய்யா, நூறாவது பிரிவு’ என்று சொல்ல நம் தெருவில் ஒரு பிள்ளை இருக்கவேண்டும். படித்த பிள்ளைகளை வேறு எதற்கு வைத்திருக்கிறோம்?

எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டால் முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓடமுடியாமல் கருகினார்கள். அவர்களையும் யாரோ ‘நல்ல இடம்’ என்று நம்பித்தான் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் விட்ட ஆளை அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் உதவியில் சேர்ந்ததுதான்.

நம் எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஊர் நமக்குச் செய்ததை நிறைய எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதவேண்டியதும் இருக்கிறது. வெளியிலிருந்து நம் தெருவுக்கு வந்து நின்றவர்களை நாம் என்ன செய்தோம் என்பது நம் தன்வரலாறுகளில் எவ்வளவு வந்திருக்கிறது? தன் பிள்ளைக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை ஊற்றின கிழவியும் நம் தெருவில்தான் இருக்கிறாள், கல்லெடுத்து விரட்டின பயல்களும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். இருவரையும் எழுதுங்கள். யாரும் பெயர் கேட்காமல் அந்தக் கிழவி ஊற்றின கஞ்சிக்கு ஒரு அரசியல் இருக்கிறது. அதைத் தியாகம், தாய்மை என்று யாராவது பூசி மெழுகுவதற்கு முன்னால் நாம் எழுதிவிட வேண்டும்.