இம்மியளவு தலையசைவு

கொல்கத்தா கார்டன் ரீச்சில் இருக்கிறது மெட்டியாபுரூஸ். 1856இல் அவத் அரியணையை இழந்த நவாப் வாஜித் அலி ஷா, 1887இல் கண்மூடும்வரை வாழ்ந்த இடம். அவரை அடக்கம் செய்த சிப்தைனாபாத் இமாம்பாரா என்ற ஷியா துக்க மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. ஷியாக்களின் முஹர்ரம் ஊர்வலங்களில், கர்பலாவில் இமாம் ஹுசைனைச் சுமந்த குதிரையின் நினைவாக, ஆளேறாத குதிரை ஒன்று அலங்காரத்தோடு வரும். சுற்றிலும் மார்பில் அறைந்து அழும் கூட்டம். குதிரையோ எளிதில் மிரளும் பிராணி. அப்போது அதன் காதுகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனியே திரும்பக்கூடியவை. ஒன்று கூட்டத்தைக் கேட்க, மற்றது கடிவாளம் பிடித்தவர் பக்கம் சாயும்.

மனிதரைக் கவனிக்கும் இந்தத் திறமையால்தான் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை புகழ்பெற்றது. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். 1904இல் ஒரு குழு வந்து ஆராய்ந்து, ஏமாற்று ஏதுமில்லை என்றது. அதற்குப் பிறகு உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்து பார்த்தார். ஹான்ஸ் தடுமாறியது. தட்டு சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், இம்மியளவு நிமிரும். ஹான்ஸ் அதைக் கண்டு நிறுத்திவிடும். அவ்வளவுதான் விஷயம்.

குதிரையின் குட்டு வெளிப்பட்டதாக இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ குட்டு வெளிப்பட்டது மனிதர்களுடையது என்றே படுகிறது. ஃபுங்ஸ்ட் தாமே குதிரையாகி, எதிரே நிற்பவர் மனத்தில் நினைத்த எண்ணைக் கையால் தட்டிக் காட்டினார். ஏறக்குறைய எல்லோருடைய தலையும் காட்டிக்கொடுத்தது. ரகசியம் தெரிந்த பிறகும் தம் தலையை அவரால் அடக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம்.

2016இல் வெளிவந்த ஜப்பான் கோபே பல்கலைக்கழக ஆய்வு இன்னும் நயமானது. குதிரைக்கு எட்டாத வாளியில் கேரட். பராமரிப்பவரை அது உற்றுப் பார்க்கிறது, தொடுகிறது, மூக்கால் தள்ளுகிறது. கேரட் வைத்ததை அவர் பார்க்காதபோது இந்த நச்சரிப்பு கூடியது. எட்டே குதிரைகள்; அதை வைத்துப் பெரிதாக முழங்க முடியாதுதான். ஆனாலும் சோதனையின் சிக்கனத்தைப் பாருங்கள்: வாளி அதே, கேரட் அதே, மாறியது, அவர் பார்த்தாரா இல்லையா என்பது மட்டும்.