பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடம்: ஒரு மறுநோக்கு

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவே 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாயிற்று. 1979 முதல் அங்கு தனிப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவியவரின் கொடைச் சிறப்போடு அமைந்துவிடுகின்றனர்.

மிஷன் பாடசாலைகளின் மேலாதிக்கத்துக்கு மாற்றாக அக்கல்லூரி எழுந்தமை மறுக்கவியலாதது. ஆயின், 1911இல் 'படித்த இலங்கையர்' சிலரின் வாக்கினால் சட்டநிரூபண சபைக்குத் தெரிவான அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்கள் வாக்களிப்பதையும் விரும்பினாரல்லர். கல்வியை வளர்த்த கையே வாக்கை மறுத்தது. இம்முரண்பாடு தனிமனிதருடையது மட்டுமன்று. அவர் சார்ந்த உயர்குழாத்தினதுமாகும்.

அவ்வளாகத்தின் முதல் தலைவராக மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி அமர்ந்தமையை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். 1931இன் வாக்குரிமையும் 1945இன் இலவசக் கல்வியும் இடையில் நிகழ்ந்திராவிடின் அக்கட்டடம் சிலருக்கே உரியதாய் இருந்திருக்கும்.

இன்று அதன் வாயில் இரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் சட்டப்படி திறந்தே உள்ளது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்கும் இழந்தோரின் வழித்தோன்றல் அவள். லயன் அறையிலிருந்து அவ்வாயில்வரை எத்தனை பேர் வந்து சேர்கின்றனர் என்ற வினாவையும் கட்டடத்தின் வரலாறு எழுப்புதல் வேண்டும்.