பழவேற்காட்டு ஜவுளிக்கடை

ஜவுளிக்கடைகள் வெள்ளிவிழா, வைரவிழா கொண்டாடும்போது ஒரு மலர் வெளியிடுவது நம் ஊர் வழக்கம். முதல் பக்கத்தில் ஸ்தாபகரின் படம்: நெற்றியில் சந்தனப் பொட்டு, தோளில் சரிகை அங்கவஸ்திரம். அடுத்த பக்கங்களில் பெரிய மனிதர்களின் ஆசிச் செய்திகள். பிறகு, தோளில் மூட்டை சுமந்தவர் நாலு மாடிக் கட்டிடம் எழுப்பிய கதை. அட்டையை மட்டும் மாற்றினால் ஒரு கடையின் மலரை இன்னொரு கடைக்குக் கொடுத்துவிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்கு இந்த மலர்களைப் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. படித்து மூடியதும் ஒரே சந்தேகம்தான் வருகிறது. இந்தக் கடைக்கு யாராவது சேலை வாங்க வந்தார்களா? ஜமக்காளத்தில் உட்கார்ந்து, இருபது சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, கரையைத் தடவிப் பார்த்து, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ‘ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுந்து போன பெண்பிள்ளை மலரில் எங்கேயும் இல்லை. கடையை நடத்தியவள் அவள்தான் என்பது என் அபிப்பிராயம். முதலாளி ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்தது அவளைப் பற்றித்தான். அடுத்த தடவை நெசவுக்காரரிடம் ‘கரை இன்னும் அரை விரல் அகலம்’ என்று சொன்னதும் அவளால்தான்.

சென்னை வாசகருக்குப் பழைய கடை என்றால் 1928-ல் தியாகராய நகரில் நல்லி சின்னசாமி செட்டியார் தொடங்கிய கடை; திருநெல்வேலிக்காரருக்கு 1924-ல் ஆரம்பித்த ஆர்.எம்.கே.வி.; கைத்தறி அபிமானிகளுக்கு 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ். இவற்றுக்கெல்லாம் முந்நூறு வருஷம் மூத்த ஒரு ஜவுளிக் கம்பெனி சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியும் கடலும் கைகோக்கிற இடத்தில் இருந்தது. அதை ஜவுளிக் கம்பெனி என்று யாரும் சொல்வதில்லை. சரித்திரப் புத்தகத்தில் பீரங்கியோடு வருவதால் ஏதோ ராஜ்யம் என்று நினைத்துவிடுகிறோம்.

1602-ல் ஆரம்பித்து 1799-ன் கடைசி நாளோடு மூடப்பட்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சொல்கிறேன். 1610-ல் பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய அதற்கு அனுமதி கிடைத்தது. அப்போது அந்தச் சீமை விஜயநகரத்து வேங்கடபதி ராயரின் ராணியார் ஒருவருடைய நிர்வாகத்தில் இருந்தது. 1612-ல் போர்ச்சுக்கீசியர் வந்து பண்டகசாலையை அழித்தார்கள். 1613-ல் ஒல்லாந்தர் ஜெல்டிரியா என்று பெயர் வைத்துக் கோட்டையை முடித்தார்கள். 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் தலைமைக் கடை. பிறகு நாகப்பட்டினம் போயிற்று. கோட்டை இன்று மண்மேடு, முட்செடி. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மாத்திரம், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நாலு நூற்றாண்டாகக் காவல் நிற்கின்றன.

ஒல்லாந்தர் இங்கே எதற்கு வந்தார்கள்? மிளகுக்கு அல்ல, கிராம்பும் ஜாதிக்காயும் பழவேற்காட்டில் விளைவதில்லை. அவை மொலுக்காஸ், பண்டா தீவுகளில் விளைந்தன. அந்தத் தீவுக்காரர்களுக்கு ஒல்லாந்தரின் கம்பளித் துணி எதற்கு ஆகும்? அவர்கள் கேட்டது சோழமண்டலத்துத் துணி. இந்தக் கரை மொலுக்காஸின் இடது கை மாதிரி என்று 1612-ல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி எழுதினார். நம்முடைய துணி இல்லாவிட்டால் தீவுகளில் வியாபாரமே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இந்தக் கம்பெனியின் சரித்திரத்தைச் சிரத்தையாக எழுதியவர்கள் உண்டு. தபன் ராய் சௌத்ரி 1962-ல் வெளியிட்ட ‘சோழமண்டலத்தில் ஜான் கம்பெனி’ முதலில் சொல்லவேண்டிய புத்தகம். ஒல்லாந்துக் காகிதக்காட்டில் புகுந்து, விலை, கொள்முதல், லாபம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் 1986-ல் எழுதிய புத்தகம், கம்பெனிகளுக்கும் துணிக்கும் நடுவே நின்ற நம் வர்த்தகர்களுக்கு முகம் கொடுத்தது. இரண்டும் பெரிய உழைப்பு. ஆனால் நாவல் எழுதுகிறவன் கண்ணோடு படிக்கும்போது எனக்கு ஒரு குறை தட்டுகிறது. கட்டுக்கட்டாகத் துணி கப்பலேறுகிறது. கட்டை யாரும் பிரிப்பதில்லை. அக்கரையில் ஒருத்தி அதை இடுப்பில் சுற்றிப் பார்த்தாள் என்கிற நினைவே பக்கங்களில் இல்லை.

கட்டைப் பிரித்தவர் ஜான் இர்வின். 1966-ல் ஆமதாபாத் காலிகோ மியூசியம் வெளியிட்ட அவருடைய ஆராய்ச்சித் தொகுப்பில் அந்தக் காலத்துத் துணிப் பெயர்களுக்கு ஒரு அகராதி இருக்கிறது. அதைப் படிப்பது ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைவதுபோல இருக்கிறது. ‘தாப்பி’ என்றால் தீவுப் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி. ‘தாப்பி சராசா’ என்றால் அதிலேயே பூவும் கொடியும் சாயத்தால் எழுதியது. நாம் பாட்டி காலத்துச் சொல்லாகச் சீட்டித் துணி என்கிறோமே, அதைத்தான் ஒல்லாந்தர் ‘சிட்ஸ்’ என்றார்கள். பண்டகசாலைக்கு மாதிரித் துண்டு வரும். இதே நீளம், இதே சிவப்பு, இதே கரை என்று கட்டளை வரும். கொஞ்சம் தவறிப் போனாலும் அக்கரையில் சரக்கு தேங்கிவிடும். மனுஷர்களைப் பீரங்கியால் பணியவைத்த கம்பெனி, கரையின் அகலத்தில் ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்குப் பணிந்து போயிற்று.

ஒரு கட்டத்தில் அவள் ‘வேண்டாம்’ என்றே சொல்லிவிட்டாள். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலத் துணியின் விலை ஜாவாவில் ஏறிற்று. கையில் காசு குறைந்த ஜனங்கள் உள்ளூர்த் துணிக்குத் திரும்பினார்கள். ஜாவாப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயம் தோய்த்தார்கள். நம் கரையின் பூவையும் கொடியையுமே அதில் எழுதிக்கொண்டார்கள். இன்று உலகம் மெச்சுகிற பாத்திக்கின் வளர்ச்சியில் இந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு. ரூர்ஜே லார்ஹோவன் என்ற ஆராய்ச்சியாளர் 1994-ல் எழுதிய துணி வியாபார ஆராய்ச்சியில் இந்தத் திருப்பத்தைப் பார்க்கலாம். கம்பெனியின் கணக்குப்பிள்ளைகளுக்கு அது விற்பனைக் குறைவு. எனக்கு அது ஒரு பெரிய நாவலின் நடு அத்தியாயம்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான், வேறு ராகத்தில். ஒல்லாந்தில் ஹிண்டலோப்பன் என்ற சின்னக் கடலோர ஊரில் மாலுமி வீட்டுப் பெண்கள் சோழமண்டலச் சீட்டியில் நீள அங்கி தைத்துப் போட்டுக்கொண்டார்கள். துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும். பிரான்ஸ் 1686-ல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1701-லும் 1721-லும் போட்டது. பெண்கள் கேட்டால்தானே! 1719-ல் லண்டன் நெசவாளிகள் தெருவில் சீட்டி உடுத்துப் போன பெண்களைத் துரத்தி, துணியைக் கிழித்து, மையும் அமிலமும் வீசினார்கள். பிழைப்புப் போனவர்களின் கோபம் நியாயமாக இருக்கலாம். அது போய் விழுந்த இடத்தைப் பாருங்கள்: இறக்குமதி செய்த முதலாளியின் மேல் அல்ல, உடுத்திக்கொண்டவள் மேல்.

நம் ஊர்ப் பெயரே துணிப் பெயராயிற்று. மலேயாவில் கட்டம் போட்ட கைலிக்கு ‘பெலிக்காட்’ என்று பெயர். இலங்கையில் ‘பளையகாட்’ சாரம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளிகள்கூட ‘புலிக்கட்’ என்று கட்டம் போட்ட கைக்குட்டை நெய்தார்கள். இந்தக் கரையின் கட்டம் போட்ட துணியை மார்த்தினிக் தீவுப் பெண்கள் தலையில் கட்டிக்கொண்டார்கள். நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. துணியை வாங்கி, சில இழைகளை மாத்திரம் நறுக்கி உருவி எடுத்து, அதில் புதுக் கோலம் உண்டாக்கினார்கள். நெய்தவன் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாத ரசனை! என்னைக் கேட்டால் அதுவும் ஒரு விமரிசனம்தான்.

‘வேண்டாம்’ என்பது வாங்குகிறவள் உரிமை மட்டும் அல்ல. பிரசன்னன் பார்த்தசாரதி 2001-ல் வெளியிட்ட புத்தகம் நெசவாளர்களின் கதையை எடுத்துக்கொள்கிறது. 18-ம் நூற்றாண்டில் தென்னாட்டு நெசவாளர் முன்பணம் வாங்கியிருந்தாலும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது என்று அவர் காட்டுகிறார். இங்கிலீஷ் கம்பெனி ராஜ்யமானதும் அந்த உரிமையைத்தான் முதலில் பறித்தது. தறிக்குப் பக்கத்தில் சேவகனைக் கொண்டுவந்து நிறுத்திற்று. புத்தகத்தின் நடை வறட்சி. வரட்டுமே, விஷயம் மனசை உலுக்குகிறது.

‘வேண்டாம்’ என்று சொல்லவே முடியாதவர்களும் அந்தத் துறையில் இருந்தார்கள். 1620-களிலிருந்து கம்பெனி பழவேற்காட்டில் அடிமைகளை வாங்கிக் கப்பலேற்றிற்று. பஞ்சம் வந்தால் விலை மலியும்; தாய் தகப்பன் பிள்ளையை விற்பார்கள், தங்களையே விற்றுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பத்தேவியாவுக்குப் போனார்கள், அங்கே கம்பெனிக்காரர் வீடுகளில் வேலை செய்ய. முகத்துவாரம் ஆழமில்லாததால் கப்பல் வெளியே நிற்கும். துணிக்கட்டும் படகில்தான் போக வேண்டும், மனுஷரும் படகில்தான் போக வேண்டும். ராய் சௌத்ரி இதை மறைக்கவில்லை. சரக்குகளின் வரிசையில் இதையும் சேர்த்திருக்கிறார். அந்த வரிசையில் சேர்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டித் துணிக்கு அடுத்த தலைப்பாக மனுஷர் வரும்போது, எழுதுகிறவரின் குரல் ஒரு இடத்திலாவது இடற வேண்டாமா? இடறினால் அது சரித்திரம் இல்லை என்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அந்த வேலையை நாவலாசிரியன்தான் செய்ய வேண்டும். நாமோ கப்பலையும் கொடிமரத்தையும் வர்ணித்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம்.

இந்தப் புத்தகங்களையெல்லாம் படித்த சூட்டோடு, பொன்னேரியிலிருந்து பஸ் ஏறிப் பழவேற்காடு போனேன். கோட்டை மேட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து மீனவர் குப்பத்தில் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மொபெட்டில் பின்னால் பெரிய மூட்டையோடு தவணைச் சேலைக்காரர் ஒருவர் வந்தார். வாரா வாரம் வருகிறவர் போலிருக்கிறது, நாய்கூடக் குரைக்கவில்லை. வேப்பமரத்தடியில் மூட்டையைப் பிரித்தார். மீன் விற்றுத் திரும்பிய நாலைந்து பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒரு நடுத்தர வயது அம்மாள் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பாலியெஸ்டர் சேலையை எடுத்தாள். புறங்கையால் தடவினாள், உள்ளங்கையில் செதில் ஒட்டியிருந்தது. நிறம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று முகம் சொல்லிற்று. அப்படியே மடித்துக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏன்க்கா, நல்லா இல்லையா?”

“நல்லாத்தாண்ணே இருக்குது. நண்டுத் தண்ணி பட்டா அப்பிடியே தெரியும். கறை தெரியாத கலரா, துவைச்சுப் போட்டா காத்துல காயுற மாதிரி இருந்தா குடு.”

அவர் இன்னொரு சேலையைப் பிரித்தார், கரும்பச்சை. அவள் கரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது, நாலாவது. பக்கத்தில் இருந்தவள் ஒன்று எடுத்துக்கொண்டாள். தவணை நோட்டில் கணக்கு ஏறிற்று. இந்த அம்மாள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தவணைக்காரர் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னவோ குறித்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். ‘கோட்டை அக்கா, அடர் நிறம், சின்ன கரை’ என்று எழுதியிருந்தது.