கால்டரின் தொங்கு சிற்பங்களில் சமநிலை

அலெக்சாண்டர் கால்டரின் (1898–1976) தொங்கு சிற்பங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் சமநிலை என்பதைச் சமச்சீர்மை என்னும் பொருளிலேயே ஆள்கின்றனர். இவ்வாட்சி அச்சிற்பங்களின் இயல்புக்கு முரணானது. தராசின் இரு கைகளும் ஒத்த நீளமுடையன. வெள்ளிக்கோலிலோ சிறு எடை தொலைவில் நின்று, அருகிலுள்ள பெரும்பாரத்தை ஈடுசெய்கிறது. கால்டரின் கம்பிகள் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தன. அகன்ற தகடு தொங்குபுள்ளியை ஒட்டி அமைய, இலை போன்ற சிறுதகடு நெடுந்தொலைவு விலகி நிற்கும். சாய்ந்துவிடும் எனக் கண் அஞ்சுவது சாயாமல் நிற்கிறது. இவ்வையமே அவற்றின் சுவை எனலாம்.

கால்டர் 1919இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். 1930இல் பாரிசில் மோந்திரியானின் பணியறையைக் கண்டபின் அருவக்கலையின்பால் திரும்பினார். மறு ஆண்டில் அவருடைய இயங்கு படைப்புகளுக்கு 'மொபைல்' என்று பெயரிட்டவர் மார்செல் டுஷாம்ப். தொடக்கத்தில் அவற்றுட் சில மோட்டாரால் இயங்கின. மோட்டார் ஒரே அசைவையே மீளமீளத் தந்தது; எனவே கால்டர் காற்றை நாடினார்.

கையால் வெட்டிய தகட்டின் விளிம்பும் குறட்டால் வளைத்த கொக்கியும் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. இக்குறையைச் சிலர் எளிமையின் அழகாக மட்டுமே போற்றுகின்றனர். அது போதாது. விளிம்பு சற்றே மாறினும் எடை மாறும். எடை மாறின் தொங்குபுள்ளி நகரும். அடிக்கம்பியின் புள்ளி உறுதிப்பட்ட பின்னரே மேற்கம்பியின் புள்ளியைக் காண இயலும். ஆகவே ஒரு தகட்டின் பிசகு மேலுள்ள கம்பிகள் அனைத்தையும் பாதித்து முழுவடிவத்தையும் தீர்மானிக்கிறது. 1955இல் சாராபாய் குடும்பத்தாரின் அழைப்பை ஏற்று அகமதாபாத் வந்த கால்டர் அங்கேயே பல சிற்பங்களைச் செய்து முடித்தார். தகடும் கம்பியும் கைக்கருவிகளுமே போதுமான கலைக்கு இஃது இயல்வதே.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்தில் 1977இல் நிறுவப்பெற்ற பெருஞ்சிற்பம் இதற்கு மறுதலை. ஏறத்தாழ 23 மீட்டர் அகலமுடைய அது எஃகில் அமைந்தால் அசையாதென்று அலுமினியத்தேன்கூட்டுப் பலகைகளால் செய்யப்பட்டது. பால் மாத்தீஸ் அப்பொறியியற் சிக்கலைத் திறம்படத் தீர்த்தார். ஆயினும் கையின் தடம் அதில் இல்லை. வியப்பு உண்டு, ஐயம் இல்லை.

சிறு சிற்பங்களின் நிலை வேறு. பாதுகாப்புக் கருதிக் காற்றோட்டமற்ற அறைகளில், தொடலாகாது என்னும் விதியின்கீழ் அவை தொங்கவிடப்படுகின்றன. அங்கே காண்போர் காண்பது தகடுகளின் வண்ணத்தையும் உருவத்தையுமே. ஓவியத்தை இருட்டறையில் மாட்டுவதற்கு நாம் உடன்படுவதில்லை. அசையாத மொபைலுக்கு மட்டும் உடன்படுகிறோம்.