கொட்டேஷனைக் கீழிருந்து படியுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் 'கேமிங்குக்கு ஒரு சிஸ்டம்' என்று கேட்டால், எழுதித் தரும் கொட்டேஷன் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும். மேலே ப்ராசஸர், முழுப் பெயரோடு. பிறகு கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி. கடைசி வரியில் 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்'. அதற்குக் கம்பெனி பெயரும் இருக்காது, மாடலும் இருக்காது. விலையைக் குறைக்கச் சொன்னால் முதலில் கைவைப்பது அந்த வரியில்தான். அதனால் குறைந்த பட்ஜெட்காரர்கள் கொட்டேஷனைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

அக்கா மகனுக்காக அண்மையில் நான் அசெம்பிள் செய்தது இது: ரைசன் 5 5600, ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி டிடிஆர்4 ராம், பி450 போர்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ். ப்ராசஸர் 2022-இல் வந்தது, கார்டு 2021-இல். 1080பி மானிட்டரில் விளையாடும் பையனுக்கு இந்த ஜோடி இன்றும் போதும்.

எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்குகிறேன். அது கெட்டால் தனியாகக் கெடாது, மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வாட் கணக்கை விட்டுவிட்டு, பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் முக்கியமாக அங்கிருந்துதான் மின்சாரம் போகிறது. 45 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்க 540 வாட். 550 வாட் பெட்டிக்கு அது நேர்மையான கணக்கு. அதே கட்டத்தில் 20 ஆம்பியர் போட்டிருந்தால், மேலே 500 என்று எழுதியிருந்தாலும் அதிலிருந்து கிடைப்பது 240 வாட்தான். 80 ப்ளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சொல்லாது. வாரண்டி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். தன் சரக்கை நம்பும் கம்பெனி ஐந்து வருடம் தரும்.

750 வாட்டும் வேண்டாம். 5600 எடுத்துக்கொள்ளும் உச்சம் 76 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தாலும் சுவரிலிருந்து 250 வாட் அளவில் நின்றுவிடும். வீட்டில் 360 வாட் தாங்கும் 600 விஏ யுபிஎஸ் இருந்தால், கரண்ட் போனதும் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும்.

எர்த்தையும் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது பின் பெயருக்குத்தான் இருக்கும். அந்த சாக்கெட்டில் செருகினால் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட கேபினட்டைத் தொடும்போது சுர்ரென்று லேசான ஷாக் தரும். கடைக்கு ஓடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேபினட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். முன்பக்கமே கண்ணாடியாக மூடியிருக்கும் கலர் லைட் பெட்டிகள் சென்னை மே மாதத்துக்கு ஆகாது.

ராம் விஷயத்தில் கொட்டேஷன் '16 ஜிபி' என்று மட்டும் சொல்லும். ஒரே ஸ்டிக்கா, 8+8-ஆ என்று கேட்டாக வேண்டும். இரண்டு ஸ்டிக் என்றால் ப்ராசஸர் ஒரே நேரத்தில் இரு வழியாகத் தரவை எடுக்கும். இந்த சிஸ்டத்தை ஒற்றை ஸ்டிக்கோடும் ஓட்டிப் பார்த்தேன். கூட்டமான காட்சிகளில் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியையும் ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200-க்குக் காசு கொடுத்த ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். ஏஐ சர்வர்களுக்கான தேவையால் 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. செகண்ட்ஹேண்டில் தைரியமாக வாங்கலாம் என்று நான் சொல்லும் ஒரே பாகம் டிடிஆர்4 ராம்தான். மெம்டெஸ்ட் ஓட்டினால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் பெயரைப் பார்த்து ஏமாறுவது அதிகம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்றும் 6 ஜிபி ஒன்றும் உண்டு. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் குறைவு. தனி மின்கம்பி கேட்காது என்பதால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருக நல்லது. புது கேமிங் சிஸ்டத்துக்கு வேண்டாம். ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக வருவதில் '2048எஸ்பி' என்றிருந்தால், அது உள்ளுக்குள் ஆர்எக்ஸ் 570. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிந்தபின் இரவு பகலாக ஓடிய கார்டுகளும் சந்தைக்கு வந்தன. வாரண்டி மிச்சமில்லாத பழைய கார்டை நான் வாங்க மாட்டேன்.

ஆர்எக்ஸ் 6600 இரண்டு 3050-களையும் தெளிவாக முந்துகிறது. வாலரன்ட் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வேண்டியதைத் தாராளமாகத் தருகிறது. ஜிடிஏ 5 அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. சைபர்பங்க் 2077-ஐ ரே ட்ரேசிங் அணைத்து ஆடினால் சுகம். ஆன் செய்தால் இந்தக் கார்டு தாங்காது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

'5600ஜி போடுங்க சார், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு, கார்டு பிறகு வாங்கிக்கலாம்' என்பார்கள். கார்டுக்குப் பணம் சேர நாளாகும் என்றால் அது சரியான யோசனைதான். ஆனால் ஜி மாடலில் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. கார்டு இப்போதே வாங்குவதாக இருந்தால் 5600-தான் வேண்டும். இன்டெலில் ஐ5 12400எஃப் இதற்குச் சமமான போட்டி. போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுங்கள்.

போர்டில் மிச்சம் பிடிக்கலாம். பி450-இல் பிசிஐஇ 3.0தான், பி550-இல் 4.0 உண்டு. 8 ஜிபி கார்டுக்கு அந்த வித்தியாசம் சிறிது. 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கு லேன் மட்டுமே என்பதால் 3.0 போர்டில் பலமாக அடிவாங்கும். பி450 எடுத்தால் 5600-ஐ அறியும் பயாஸ் ஏற்றியிருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது.

பட்ஜெட்டில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே கடையை விட்டு இறங்குங்கள். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.