கால் நூற்றாண்டு காத்திருந்த நாவல்

மலாயாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே (1879–1973), முதலில் பொருள் ஈட்டி, அது தரும் ஓய்வில் இலக்கியம் படைக்கலாம் என்ற எண்ணத்துடன் 1905இல் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். அவருடைய நாவலான 'மலேசி' வெளிவந்ததோ 1930இல். அவ்வாண்டே பிரான்சின் உயரிய இலக்கிய விருதான கொன்கூர் பரிசையும் அது பெற்றது.

தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு காடழித்துப் பால்மரம் நடுவித்தது, பெல்ஜிய முதலீட்டாளர் அட்ரியன் ஹாலேயுடன் கூட்டுச் சேர்ந்தது, முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியது, 1917இல் தெனமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியது என அவருடைய கவனத்தைப் பங்குபோட்டவை பல. இவற்றுள் ஒன்றே ஒருவருடைய எழுத்தார்வத்தை அவித்துவிடப் போதுமானது. ஆயினும் போர்க்காலத்தில் மதலேனுக்கு, அதாவது பின்னர் மனைவியான பெண்ணுக்கு, அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் தனி நூலாகவே வந்துள்ளமையால், நாவலைத் தள்ளிப்போட்டவர் எழுதும் பழக்கத்தைக் கைவிடவில்லை என்பது தெளிவு. 1925இல் துனிசியாவில் குடியேறிய பின்னரே நாவல் முழுமை பெற்றது.

இத்தாமதம் நாவலின் கலைக்கு நன்மையே செய்தது. புதிதாக வந்த தோட்டக்காரன் லெஸ்கால் கதை சொல்ல, அந்நிலத்தில் ஊறிப்போன ரோலேன் அவனுக்கு அதைப் பார்க்கக் கற்றுத்தருகிறான். அறியத் துடிக்கும் இளமையையும் அறிந்தபின் ஒதுங்கி நிற்கும் முதிர்ச்சியையும் இவ்வாறு இரு பாத்திரங்களாகப் பிரித்து உரையாட விடுவது, இரண்டையும் வாழ்ந்து கடந்தவருக்கே கைகூடும். நாவலில் இடம்பெறும் பந்துன்களும் இவ்வாறே இரு பகுதிகளை எதிரெதிரே வைப்பவை. பந்துன் என்பது நான்கடி மலாய்ப் பாடல். ஒன்றாம் அடி மூன்றாம் அடியோடும், இரண்டாம் அடி நான்காம் அடியோடும் ஈற்றோசையில் இயையும். 'பெம்பாயாங்' எனப்படும் முன்னிரண்டு அடிகள் ஆறு, மரம், பறவை என ஏதேனும் ஒரு புறக்காட்சியைக் காட்ட, 'மக்சுட்' எனப்படும் பின்னிரண்டு அடிகள் உள்ளத்துப் பொருளைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் வெளிப்படையாக இராது. சங்கப் பாடலின் உள்ளுறையில் பழகிய தமிழ் வாசகருக்கு இவ்வடிவம் எளிதில் பிடிபடும். ஃபோகோனியேயின் உரைநடையும் இதே நடையில்தான் செல்கிறது: காட்டை விரிவாக வருணித்து, அவ்வருணனை முடியும் இடத்தில் மனத்தின் நிலையை வைக்கிறது. இந்த அமைதிக்கு நடுவே ஸ்மாயில் என்னும் மலாய் இளைஞன் அமோக், அதாவது கண்மூடித்தனமான கொலைவெறி, கொள்வது அதனாலேயே அவ்வளவு ஆழமாகத் தாக்குகிறது.

குறையும் உண்டு. அத்தோட்டத்தை உருவாக்கிய தமிழர்கள் இதில் முதலாளியின் பார்வைக்கு எட்டிய அளவிலேயே தெரிகின்றனர். பொருள் சேர்த்தபின் எழுதலாம் என்று காத்திருக்கும் வசதி லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வாழ்ந்த எவருக்கும் இருக்கவில்லை. மலாயாத் தமிழரின் எழுத்து வேறு வழியில் வளர்ந்தது. 1950ஆம் ஆண்டு வாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் நடத்திய கதை வகுப்பு, சிறுகதையின் இலக்கணத்தைப் பாடமாக அச்சிட்டு, வாசகர்களையே மாணவர்களாக்கி எழுதவைத்தது. மலாயாத் தமிழ்ச் சிறுகதை வளர்ச்சியில் அதற்குத் தனி இடம் உண்டு. ஃபோகோனியேயோ பரிசுக்குப் பின் 1938இல் ஒரு சிறுகதைத் தொகுதியை வெளியிட்டதோடு ஏறக்குறைய நின்றுவிட்டார்.