வெள்ளியங்கிரியின் மூங்கில் தடி

பங்குனி, சித்திரையில் கோவை காந்திபுரத்திலிருந்து மலையடிவாரத்துப் பூண்டிக்கு வந்து இறங்குகிறவர்கள், ஏழு மலைகள் கொண்ட வெள்ளியங்கிரி ஏறுமுன் கையில் எடுப்பது ஒரு மூங்கில் தடி.

எத்தனை அழகான கருவி! உள்ளே வெற்றிடம், அதனால் கனமில்லை; உறுதியான நார்கள் வெளிச்சுவரில் நெருங்கியிருக்கின்றன; கணுக்கள் தண்டு நசுங்காமல் காக்கின்றன. முதல் மலையின் செங்குத்துப் படிகளில் அது மூன்றாவது கால். ஏழாவது மலையில் காற்று ஆளைத் தள்ளும்போது அதுதான் பிடிமானம். வழியிலுள்ள கைதட்டிச் சுனையில் இளைப்பாறும்போதும் பலர் அதன்மேல் சாய்ந்தே நிற்பார்கள்.

ஆனாலும் அதன் அருமை இறக்கத்தில்தான் முழுசாகத் தெரியும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கின்றன; மறுநாள் வலி அதனால்தான். தடியை முன்னால் ஊன்றினால் பாரத்தில் ஒரு பங்கு கைக்கும் தோளுக்கும் போகிறது, முழங்கால் தப்புகிறது.

மார்பளவு உயரம், வெடிப்பில்லாத கணு, கைக்கு அடங்கும் பருமன் பார்த்து வாங்குங்கள்.